மில் சுவரில் ஒரு புள்ளி

செப்டம்பர் 2

மருந்துக் கம்பெனிக்காரர் லேபுக்குக் கொடுத்த டைரி இது. ஜனவரியிலிருந்து காலியாகக் கிடந்தது. டாக்டரம்மா, "மனசுல இருக்கறத எழுதுங்க கலாமணி, தூக்கம் வரும்" என்றார். மனதில் இருப்பதை எழுதினால் இருக்கிற தூக்கமும் போய்விடும். அதனால் வேலையை எழுதுகிறேன்.

விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்தேன். வீடு வீடாகப் போய் ரத்த சாம்பிள் எடுத்து லேபில் சேர்ப்பது என் வேலை. இன்றைக்குக் கோயமுத்தூருக்குள் ராமநாதபுரம், ஒண்டிப்புதூர், சிங்காநல்லூர். ஒரு வீட்டில் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய ஆள் நான் போகும்போது இட்லி தின்றுகொண்டிருந்தார். "ரெண்டே ரெண்டுதான் அம்மிணி" என்றார். நாளைக்கு மறுபடி போக வேண்டும்.

வழியில் மூன்று ஓணான்களைப் பார்த்தேன். மூன்றும் பழையவை. ஒன்றின் மேல் யாரோ கல்யாண மண்டபப் போஸ்டரை ஒட்டிவிட்டார்கள்.

இதை யாராவது படித்தால் எனக்குக் கிறுக்கு என்று நினைப்பார்கள். அதனால் சொல்லிவிடுகிறேன். ஓணான் என்பது என் மகன் தரணி சுவர்களில் எழுதுகிற பெயர். ஸ்பிரே டப்பாவை வைத்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு எழுத்து எழுதுவான். விளம்பரம் கிடையாது, கட்சி கிடையாது, கூலியும் கிடையாது. வெறும் பெயர்தான். அந்தப் பெயரை வைத்ததே அவன் அப்பாதான். பிளஸ் டூ படிக்கும்போது ஒரு நாள், "பரீட்சைய வச்சுக்கிட்டு ஓணானாட்டச் செவுத்துல ஒட்டிக்கிட்டுத் திரியறான் பாரு" என்று கத்தினார். மறுநாள் தெருமுனைச் சுவரில் ஓணான் ஏறிவிட்டது. அப்பா வாயிலிருந்து வந்த பெயராம், அதனால் விடமாட்டானாம்.

அவன் எழுதுகிற விதமே தனி. நாமெல்லாம் எழுத்தை எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் புள்ளி வைப்போம். அவன் முதலில் புள்ளியை வைப்பான். வெறும் சுவரில், உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு புள்ளி. அதுதான் ஓணானின் கண். "கண்ண வச்சுட்டா ஒடம்பு தானா வந்துரும்மா" என்பான். அதற்குக் கீழே தலையாக 'ன்' வரும், அப்புறம் வயிறு புடைத்த 'ணா', கடைசியில் சுருட்டிய வாலாக 'ஓ'. வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் வருவான். எழுதி முடித்தபின் பார்த்தால் சுவரில் ஓணான் ஒட்டிக்கொண்டு நம்மையே பார்க்கிற மாதிரி இருக்கும்.

ஆடி மாதம், மூடிக் கிடக்கிற மில்லின் நீளச் சுவரில் எல்லாவற்றையும்விடப் பெரிய ஓணானை எழுதப் போனான். ஏணியில் ஏறிப் புள்ளியை வைத்தான். அந்த நேரம் பார்த்து அவன் அப்பா வந்துவிட்டார். அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். வேன் நிறையக் குழந்தைகள். இறங்கிப் போய் அவனைக் கீழே இழுத்து, எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்து, டப்பாக்களைச் சாக்கடையில் வீசினார். அன்று சாயந்திரம் பைக்கை எடுத்துக்கொண்டு போனவன்தான். போன் அணைந்தே கிடக்கிறது. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

மில் சுவரில் அந்தப் புள்ளி மட்டும் இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நான் அந்த வழியாகப் போவதில்லை.

செப்டம்பர் 6

ரேஷனில் பருப்பு வரவில்லை. தண்ணீர் வந்தது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 11

சில நாள் எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன். அசதியில் தூக்க மாத்திரையை எண்ணாமல் போட்டுக்கொண்டுவிட்டேன், அவ்வளவுதான். "லேபுல வேலை செய்யற உங்களுக்கா இப்பிடி மறதி வரும்?" என்று நர்ஸ் கேட்டாள். ஏன், வரக்கூடாதா?

இனி மாத்திரை டப்பா அவரிடம். வேனில் பூட்டி வைத்துக்கொண்டு வேளைக்கு ஒன்றாக எடுத்து வருகிறார். நான் விழுங்கித் தண்ணீர் குடிக்கிறவரை முகத்தையே பார்க்கிறார். வாயைத் திறந்து காட்டச் சொல்லவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம்.

செப்டம்பர் 17

வேலைக்குத் திரும்பினேன். பழைய ஓணான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். மழையில் வெளுத்துக்கொண்டே வருகின்றன. ஒரு சுவர் முழுக்க வெள்ளையடித்துவிட்டார்கள். வெள்ளைக்கு அடியில் வால் மட்டும் லேசாகத் தெரிகிறது.

செப்டம்பர் 23

நேற்றுக் காலை அவருக்குப் போன் வந்தது. வாசலுக்குப் போய்ப் பேசினார். உள்ளே வந்து, வேனுக்கு ஒரு ஸ்பேர் பார்ட் பாலக்காட்டில்தான் கிடைக்கும், போய் வருகிறேன் என்றார். கோயமுத்தூரில் கிடைக்காத ஸ்பேர் பார்ட் பாலக்காட்டில் கிடைக்கிறது என்று நேற்றுத்தான் கேள்விப்பட்டேன். துணைக்கு ஆசிக்கைக் கூட்டிப் போனார். ஆசிக் தரணியின் கூட்டாளி, உக்கடத்தில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறான். அவனும் சுவரில் எழுதுகிறவன். 'அவந்தான் என்ற பையனக் கெடுத்தது' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இவர். இருவருக்கும் எப்போது ராசியானது என்று தெரியவில்லை.

இன்று இருட்டுவதற்கு முன் திரும்பினார். வீட்டுக்குள் வரவில்லை. வாசல் குழாயடியில் உடுத்திய துணியோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். துணியைத் தானே அலசிக் கொடியில் போட்டுவிட்டுத்தான் படியேறினார்.

"என்னுங்க இது?"

"கிரீஸு" என்றார்.

வேட்டியில் கிரீஸ் இல்லை. தட்டு வைத்தேன். முன்னால் உட்கார்ந்தார். ஒரு வாய்கூட எடுக்காமல் எழுந்துவிட்டார். எனக்கும் பசியில்லை. பாத்திரம் கழுவுகிற வேலை மிச்சம்.

செப்டம்பர் 27

அவர் வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், எழுந்து போய் மறுபடியும் வேனில் உட்கார்ந்துகொள்கிறார். ஸ்பேர் பார்ட் மாட்டியாகிவிட்டதா என்று கேட்டேன். எந்த ஸ்பேர் பார்ட் என்றார்.

அக்டோபர் 8

நேற்று விடியும்முன் கிளம்பிப் போய் இன்று மொட்டைத் தலையோடு வந்தார். மீசையும் இல்லை. பழனிக்குப் போனாராம். பையன் திரும்பி வர வேண்டும் என்று வேண்டுதலாம்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனுங்களே."

"திடீர்னு தோணுச்சு."

பஞ்சாமிர்தம் வாங்கி வரவில்லை. மறந்துவிட்டாராம்.

மீசை இல்லாமல் அவர் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி இருந்தது. தோள்பட்டை வலி என்று படுத்தார். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடிவதில்லை, இரண்டு வருடமாக இந்தத் தொந்தரவு. தைலம் தேய்த்துவிட்டேன்.

அக்டோபர் 14

நிதானமாக எழுதுகிறேன்.

ராமநாதபுரத்தில், ரத்தம் எடுக்குமுன் இட்லி தின்ற அந்த இட்லிக்காரர் வீட்டுக்குத் திரும்புகிற சந்தில் புது ஓணான். நேற்று அந்தச் சுவரில் ஒன்றும் கிடையாது. கிட்டே போய் விரல் வைத்தேன், விரலில் கறுப்பு ஒட்டியது. ஸ்கூட்டியை நிறுத்தி ஸ்டாண்ட் போடக்கூடத் தோன்றவில்லை, அது சாய்ந்து விழுந்து சாம்பிள் பெட்டி உருண்டது. நல்லவேளை, ஒரு டியூபும் உடையவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "ஊருக்குள்ளதான் இருக்கானுங்க."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "இருப்பான். ரோஷக்காரன். ஆறட்டும், வருவான்" என்றார்.

தோசை சுட்டேன். நான் மூன்று தின்றேன். நான் தின்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்புறம், "நாளைக்கு எந்தப் பக்கம் சாம்பிளு?" என்று கேட்டார். கல்யாணம் ஆன நாள் முதல் என் வேலையைப் பற்றி அவர் கேட்டது இதுதான் முதல் தடவை. புலியகுளம் என்றேன்.

அக்டோபர் 16

புலியகுளத்தில் ஓர் ஓணான்.

அக்டோபர் 19

சுங்கம் பாலத்துக்குப் பக்கத்தில் ஒன்று. காலையில் குளிர் இருக்கிறது, ஸ்வெட்டர் எடுக்க வேண்டும். தரணியிடம் ஸ்வெட்டர் இருக்கிறதா தெரியவில்லை.

அக்டோபர் 21

இன்று ஒரு மணி நேரம் சுங்கம் பாலத்துச் சுவரின் முன் நின்றேன். ஒரு டிரைவர் ஆட்டோவை நிறுத்தி, "என்னக்கா, வீடு தேடறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எழுத்து கொஞ்சம் மாறியிருக்கிறது. தரணி டப்பாவைச் சுவருக்குக் கிட்டே கொண்டுபோனால் கோடு மெலியும், தள்ளிப் பிடித்தால் பரவும். ஒரே இழுப்பில் வால் மெலிதாக ஆரம்பித்து வயிற்றில் அகலும். இதில் கோடு ஒரே அகலம். பயந்து பயந்து போட்ட மாதிரி இருக்கிறது. ஒருவேளை கையில் அடி ஏதும் பட்டிருக்குமோ.

இன்னொன்று. புள்ளியிலிருந்து மை எப்போதும் கொஞ்சம் வழியும். தரணி புள்ளியை முதலில் வைப்பதால் வழிந்த மைக்கு மேலே எழுத்து வந்து அதை மூடிவிடும். இதில் வழிந்த மை எழுத்தின் மேலேயே ஓடுகிறது. புள்ளியைக் கடைசியில் வைத்திருக்கிறான்.

முறையை மாற்றிக்கொண்டிருப்பான். மனிதர்கள் மாறாமலா இருப்பார்கள்.

அக்டோபர் 25

பரணில் ஒட்டடை அடித்தேன். தரணியின் சாக்கு மூட்டையில் இருந்த ஸ்பிரே டப்பாக்கள் குறைந்திருக்கின்றன. எலி இழுத்திருக்கும். எங்கள் வீட்டு எலிக்குக் கறுப்பு நிறம்தான் பிடிக்கும் போல.

அக்டோபர் 29

உக்கடம் வழியாக வந்தபோது ஆசிக்கின் கடையில் இறங்கினேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"தரணி எங்க இருக்கான் ஆசிக்?"

அவன் ஒரு ஸ்டிக்கரை எடுத்து மூலையைச் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

"பேரு புதுசு புதுசா வருதில்லைங்கம்மா" என்றான்.

"பேரு வருது. ஆளு?"

"எங்களுக்குள்ள ஒரு வழக்கம் இருக்குதுங்கம்மா. ஒருத்தன் ஊர்ல இல்லைன்னா, அவன் பேர மத்தவங்க எழுதுவாங்க. செவுத்துல பேரு நிக்கற வரைக்கும் அவன் இருக்கான்னு அர்த்தம். அவன் பேரு மேல வேற யாரும் எழுத மாட்டாங்க."

"அப்ப இதெல்லாம் நீ எழுதறதா?"

"நான் எழுதலைங்கம்மா. அல்லா சத்தியமா நான் ஒண்ணுகூட எழுதல." சொல்லும்போதே அழுதுவிட்டான். பெயின்ட் நெடி என்றான். கடையில் அன்று பெயின்டே திறந்திருக்கவில்லை.

டீ வாங்கிக் கொடுத்தான். குடித்துவிட்டு வந்தேன். ஊரில் இல்லாதவனின் பெயரை மற்றவர்கள் எழுதுவார்கள் என்று சொன்னான். ஊரில் இல்லை என்றால் வெளியூரில் இருக்கிறான் என்றுதான் அர்த்தம்.

நவம்பர் 4

மல்லிகா டீச்சர் வீட்டுக்குப் போனேன். கிட்னி நோயாளி, வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுக்க வேண்டும். எழுந்து நடக்க முடியாது, ஜன்னலோரம் கட்டில். எதிர்ச் சுவரில் முந்தாநாள் வந்த ஓணான் தெரிகிறது. ஊசி போடும்போது டீச்சரே பேச்சை எடுத்தார்.

"அத எழுதுனவங்களப் பாத்தேன் அம்மிணி. நான் என்னமோ சின்னப் பசங்கன்னு நெனச்சேன். வயசானவரு. மத்தியானம் வந்தாரு. மொட்டையடிச்சு முடி இப்பத்தான் முளைக்குது. ஒரு கைய இன்னொரு கையால தாங்கிப் புடிச்சுக்கிட்டு எழுதறாரு. ரெண்டு தடவ உக்காந்துட்டாரு. மஞ்ச வேன்ல வந்தாரு."

டீச்சருக்குக் கண் சரியாகத் தெரியாது. கிட்னி கெட்டால் கண்ணும் மங்கும். வாரம் ஒரு தடவை அவர் ரத்தம் எடுக்கிற எனக்குத் தெரியாதா?

இரண்டாவது தடவை குத்தவேண்டி வந்தது. எனக்கு அப்படி ஆவதில்லை.

நவம்பர் 8

தீபாவளி. பலகாரம் சுடவில்லை, எண்ணெய் வைக்கவில்லை. "இந்த வருசம் வேண்டாம் கலா. அவன் வந்ததுக்கப்புறம் வச்சுக்கலாம்" என்றார். பக்கத்து வீட்டுக்காரி முறுக்குத் தட்டோடு வந்தாள். அவர் வாசலிலேயே நின்று பேசி அனுப்பிவிட்டார். பண்டிகை வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை அவர். போன வருடம் இரண்டு தடவை எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்.

தரணிக்கு ஒரு நீலச் சட்டை எடுத்து வைத்திருந்தேன். அதை பீரோவில் அடியில் வைத்தேன்.

நவம்பர் 19

அவர் தினமும் கேட்கிறார்: "நாளைக்கு எந்தப் பக்கம்?"

நான் சொல்கிறேன். சில நாள் வேண்டுமென்றே பக்கத்து இடமாகச் சொல்கிறேன், அவருக்குத் தூரம் ஆகாமல் இருக்க. எதற்குத் தூரம், யாருக்குத் தூரம் என்று இங்கே எழுதப் போவதில்லை.

நவம்பர் 28

ஓணான்கள் கீழே இறங்கிக்கொண்டே வருகின்றன. முதலில் என் தலைக்கு மேல் இருந்தது. அப்புறம் தோளுக்கு. இன்றைக்குப் பார்த்தது இடுப்புக்கு. ஆனால் எழுத்து நன்றாக வர ஆரம்பித்திருக்கிறது. வால் இப்போது மெலிதாகத்தான் தொடங்குகிறது. பழகப் பழக வரும்தான். வேறொருவர் கையைப் பழகுவதற்கு எத்தனை பாடுபட வேண்டும்.

ராத்திரி தைலம் தேய்க்கும்போது விரலால் அழுத்திப் பார்த்தேன். தோள்மூட்டு கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. "கைக்கு ரெஸ்ட் குடுங்க" என்றேன். "ஸ்டியரிங் சுத்தாம எப்புடி?" என்றார். அவர் ஆள்காட்டி விரல் நுனியில் கறுப்பு மை இருந்தது. அதைத் துடைத்துவிட்டேன்.

டிசம்பர் 9

இட்லிக்காரர் வீட்டில் மாவு கொடுத்தார்கள். மறதியாய் அவர்கள் வீட்டுக் குடையை எடுத்து வந்துவிட்டேன்.

டிசம்பர் 20

ஆசிக் வீட்டுக்கே வந்தான். அவர் வேன் ஓட்டப் போயிருந்தார். மில் சுவரைப் பொங்கல் கழிந்ததும் இடிக்கப் போகிறார்களாம். அந்த இடத்தில் அடுக்குமாடி வருகிறதாம்.

"இடிச்சா இடிக்கட்டும்" என்றேன்.

"அங்க புள்ளி இருக்குதுங்கம்மா. அந்தச் செவுத்துல நாங்க யாரும் கை வைக்கல. அது அவனோடது. வேற ஆளு முடிக்க முடியாது. அவன் வீட்டாளுங்க சொன்னா மட்டுந்தான்."

அவனை உட்காரச் சொல்லிச் சாப்பாடு போட்டேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்தவன், அடுப்படி வாசலில் நின்று, "அப்பாவத் திட்டாதீங்கம்மா" என்றான்.

ஜனவரி 5

சௌரிபாளையம். நேற்று அவரிடம் சௌரிபாளையம் என்றுதான் சொல்லியிருந்தேன். போகிற வழியெல்லாம் சுவர் பார்த்தேன். ஓணான் இல்லை. திரும்பி வரும்போது, ரேஷன் கடைக்குப் பின்னால், என் முழங்காலுக்கும் கீழே, ஒரு வால் மட்டும் இருந்தது. 'ஓ' ஒன்றுதான். அதுவும் பாதியில் நின்று கோடு கீழே இழுத்துக்கொண்டு போயிருந்தது. பக்கத்தில் ஒரு டப்பா கிடந்தது. உட்கார்ந்த இடத்தில் மண் தேய்ந்திருந்தது.

கை தூக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அதுவும் முடியாமல் எழுந்து போயிருக்கிறார்.

நானும் அதே இடத்தில் உட்கார்ந்தேன். ஆடியிலிருந்து நான் அழவில்லை. இன்று அழுதேன். ரேஷன் கடை வரிசையில் நின்ற பெண்கள் வந்து தண்ணீர் கொடுத்தார்கள். "என்ன அக்கா, யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டார்கள்.

"என்ற பையன் செத்துப் போயிட்டான்" என்றேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பழனிக்குப் போனவர் பஞ்சாமிர்தம் இல்லாமல் திரும்பிய அன்றே எனக்குத் தெரியும். யாராவது பழனிக்குப் போய்விட்டுப் பஞ்சாமிர்தம் இல்லாமல் வருவார்களா? அதற்கு முன்னால் குழாயடியில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டபோதே தெரியும். எழுதினால் உண்மையாகிவிடும் என்று எழுதவில்லை. இந்த நோட்டுக்குக்கூட நான் பொய் சொல்லியிருக்கிறேன். அந்த மாத்திரையையும் நான் எண்ணித்தான் போட்டுக்கொண்டேன். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் என்னிடம் சொல்லாமல் சுவரில் எழுதினார்.

ஜனவரி 6

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வழக்கம்போல ஆரம்பித்தார். குரல் தணிந்திருந்தது.

"நாளைக்கு எந்தப் பக்கம்?"

"ஏனுங்க, பழனில பஞ்சாமிர்தம் விக்கறத நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டேன்.

கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். நான் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"பாலக்காட்டுப் பக்கம்" என்றார். "பாலத்துக்கு அடியில பெரிய செவுரு. எழுதீட்டிருக்கறப்ப மழை. ஏணி வழுக்கிருச்சு. போன் ஒடைஞ்சு போச்சு, யாருன்னு தெரியல. அங்கயே வச்சிருந்திருக்காங்க. நாம ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தத வச்சு என்னைய வந்து பாக்கச் சொன்னாங்க. ஆசிக்குத்தான் கையப் பாத்துச் சொன்னான். வெரலு இடுக்குல மையி." நிறுத்தினார். "அங்கயே முடிச்சுட்டேன் கலா. கருமாதி பேரூர் ஆத்தங்கரைல பண்ணேன். உன்னைய எப்புடிக் கூட்டிட்டுப் போவேன்? ஆஸ்பத்திரில இருந்து வந்து ரெண்டு வாரங்கூட ஆகல நீ."

அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. என் பிள்ளை முகத்தை எனக்குக் காட்டாமல் எரித்துவிட்டார். அதைச் சொன்னேன். சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அடிச்ச கையி" என்றார் கடைசியில், வலது கையைப் பார்த்து. "அந்தக் கையிலேயே எழுதோணும்னு எழுதுனேன். ஆசிக்கு சொல்லிக் குடுத்தான். எனக்கு அவ்வளவு வரல."

"புள்ளிய மொதல்ல வைக்கோணும்" என்றேன். "நீங்க கடைசில வச்சீங்க. அதுலயே தெரிஞ்சு போச்சு."

அவர் அழுதார். அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். தடவிக்கொண்டே நானும் அழுதேன்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன்: "நாளைக்கு மில்லுச் செவுத்துப் பக்கம்." அங்கே எனக்குச் சாம்பிள் எதுவும் கிடையாது.

ஜனவரி 7

லேபுக்கு லீவு சொன்னேன். ஸ்கூல் பிள்ளைகளை இறக்கிவிட்டு அவர் வேனோடு வந்தார். ஆசிக் ஏணி கொண்டுவந்தான். நான் பரணில் மிச்சம் இருந்த டப்பாக்களைக் கொண்டுபோனேன்.

ஆடிக்குப் பிறகு அந்தச் சுவரை இன்றுதான் பார்த்தேன். அவ்வளவு பெரிய சுவரில் அவ்வளவு உயரத்தில் தனியாக ஒரு கண். கீழே ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது.

"நீங்க வாலுகிட்ட எழுதுங்க, உங்க கைக்கு எட்டும்" என்றேன். "தலைய நான் எழுதறேன்."

"ஏணில ஏறுவியா?"

"நான் மாடி மாடியா ஏறி எறங்கறவ."

ஆசிக் ஏணியைப் பிடித்தான். மேலே போனதும் முதலில் புள்ளியைத் தொட்டேன். என் உள்ளங்கைக்குச் சரியாக இருந்தது. அவன் இங்கே நின்றிருப்பான், இந்தப் படியில், இதே வெயிலில். கீழே இருந்து ஆசிக், "கிட்டப் புடிங்கம்மா, அப்புறம் தள்ளிப் புடிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எனக்குக் கோடு கோணல் மாணலாகத்தான் வந்தது. ஆனால் வழிந்திருந்த அந்த மைக்கு மேலே எழுத்தைக் கொண்டுவந்து மூடினேன். அது சரியாக வந்தது.

தரையில் உட்கார்ந்து, ஒரு கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு, அவர் வாலைச் சுருட்டினார். நடுவில் வயிற்றை ஆசிக் எழுதினான். மூன்று பேர் எழுத்தும் மூன்று விதமாக இருந்தது. தரணி பார்த்திருந்தால் சிரித்திருப்பான். ரோட்டில் போன ஒருவர் வண்டியை நிறுத்தி, "இடிக்கப் போற செவுத்துல எதுக்குங்க மெனக்கெடறீங்க?" என்று கேட்டார்.

"எங்க பையனோடதுங்க. பாதில நின்னுருச்சு" என்றார் அவர்.

ஜனவரி 14

போகிப் பண்டிகைக்கு நாங்கள் எதையும் எரிக்கவில்லை. நீலச் சட்டையை ஆசிக்கிடம் கொடுத்தேன்.

ஜனவரி 21

இடித்துவிட்டார்கள். சாம்பிளோடு அந்த வழியாகவே போனேன். செங்கல் குவியலில் கறுப்பு ஒட்டிய கற்கள் சில கிடந்தன. எது கண், எது வால் என்று தெரியவில்லை. ஒன்றையும் எடுத்து வரவில்லை. லேபுக்கு நேரமாகிவிட்டது.

சாயந்திரம் அவர் வேனைக் கழுவிவிட்டு உள்ளே வந்தார். மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து அலமாரியில் பழைய இடத்தில் வைத்தார். பூட்டவில்லை. நான் அன்றைக்குரிய ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தேன். இந்தத் தடவை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"பீளமேடுங்க" என்றேன்.